நாவலிலிருந்து வந்த காமெடி கொலை மர்மப் படங்கள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம், நாவல் முதலா படம் முதலா?

கேள்வி இதுதான்: துப்பறியும் நாவல்களை வைத்து எடுத்த பழைய ஆங்கிலப் படங்களில், சிரிக்கவும் வைத்து, புதிரையும் கெடுக்காமல் விட்டவை எவை? நாவலை முதலில் படிக்க வேண்டுமா, படத்தை முதலில் பார்க்க வேண்டுமா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் பெயர்கள்: ‘தி தின் மேன்’ (1934), ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ (1945), ‘கிரீன் ஃபார் டேஞ்சர்’ (1946), ‘மர்டர் ஷி செட்’ (1961). நான்கும் நாற்பது ரூபாய் டிக்கெட் காலத்துப் படங்கள்கூட இல்லை, அதற்கும் முந்தியவை. நான்குமே கறுப்பு வெள்ளை, நான்குமே நூறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வண்ணத்தில் ஒன்று வேண்டும் என்றால் ‘ஈவில் அண்டர் தி சன்’ (1982). கொலையாளி யார் என்று எந்தப் படத்துக்கும் இங்கே சொல்லப்போவதில்லை, பயமில்லாமல் படிக்கலாம்.

இப்போது ஏன் இவை, ஏன் மற்றவை இல்லை என்பது.

துப்பறியும் நாவலைப் படமாக்குவதில் பெரிய தலைவலி கொலை அல்ல, விசாரணை. நாவலின் நடுப்பகுதி முழுக்க யாரோ ஒருவர் கேள்வி கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார். படிக்கும்போது அது சலிக்காது. வாசகர் தன் வேகத்தில் போகிறார், சந்தேகம் வந்தால் இருபது பக்கம் பின்னால் புரட்டுகிறார். திரையில் அதே காட்சி, நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுதான். ஐந்தாவது சாட்சி வரும்போது பார்ப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. நாவலாசிரியர் ஒரு துப்பை நீண்ட வாக்கியத்தின் நடுவில், நாலு பொருள்களின் பட்டியலில் மூன்றாவதாக வைத்துவிட்டுப் போய்விடலாம். கேமராவால் அப்படி முடியாது. ஒரு பொருளைக் காட்டினால் கண் அங்கேதான் போகும். காட்டாமல் விட்டால் கடைசியில் ‘இதைச் சொல்லவே இல்லையே’ என்று பார்வையாளர் கோபிப்பார். காட்டவும் வேண்டும், கவனிக்காமலும் இருக்க வேண்டும்.

நல்ல படங்கள் இந்த இரண்டுக்கும் காமெடியைத்தான் மருந்தாக வைத்தன. சாட்சி உண்மையைச் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் கூத்தடித்துக்கொண்டிருப்பார். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போது துப்பு நம்மைக் கடந்து போய்விடும். ஆகவே ஒரு படம் தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: காமெடிக் காட்சி ஒன்றை மனதில் வெட்டி எறியுங்கள். அதற்குப் பிறகும் புதிர் முழுசாக நின்றால், அங்கே காமெடி ஒட்டுப்போட்டது. புதிரில் ஓட்டை விழுந்தால், எழுதியவருக்குத் தொழில் தெரியும்.

‘தி தின் மேன்’ இந்தச் சோதனையில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கும். டாஷியல் ஹாமெட்டின் நாவல் 1934 ஜனவரியில் புத்தகமாக வந்தது, எம்ஜிஎம் எடுத்த படம் அதே ஆண்டு மே மாதம் திரைக்கு வந்துவிட்டது. இயக்குநர் டபிள்யூ. எஸ். வான் டைக், ஒரே டேக்கில் முடித்துவிடுவார் என்று பட்டப்பெயரே வாங்கியவர். படப்பிடிப்பு மூன்று வாரத்துக்குள் முடிந்தது. திரைக்கதை எழுதிய ஃபிரான்சிஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹாக்கெட்டும் கணவன் மனைவி. நாவலின் கதையை ஒரு சட்டகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிக்குக்கும் நோராவுக்கும் இடையே நல்ல காட்சிகளாக எழுதிக்கொடுங்கள் என்பதுதான் வான் டைக் அவர்களிடம் கேட்டது. குடும்பம் நடத்துபவர்கள் எழுதிய குடும்பப் பேச்சு என்பது வசனத்தில் தெரியும்.

நிக் சார்ல்ஸ் ஓய்வுபெற்ற துப்பறிவாளர். பணக்கார மனைவி நோரா, ஒரு நாய், ஓயாத மது. வைனன்ட் என்ற ஒல்லியான கண்டுபிடிப்பாளர் காணாமல் போகிறார், அவருடைய பழைய செயலாளர் ஜூலியா கொல்லப்படுகிறார். தலைப்பில் உள்ள ஒல்லி மனிதர் இந்த வைனன்ட்தான், நிக் அல்ல. அடுத்தடுத்து வந்த ஐந்து படங்களின் தலைப்பிலும் அதே பெயரை ஒட்டிவிட்டதால் உலகம் நிக்கையே ஒல்லி மனிதர் ஆக்கிவிட்டது. தயாரிப்பாளர்களும் அதைத் திருத்தவில்லை, வியாபாரம் நடக்கிறதே.

நாவல் நிக்கின் வாயால் சொல்லப்படுவது. நியூயார்க்கின் ஐம்பத்திரண்டாம் தெருவில் ஒரு திருட்டு மதுக்கடையில் அவர் நின்றுகொண்டிருப்பதில் தொடங்குகிறது, மதுவிலக்கு இன்னும் அமலில் இருந்த 1932 கிறிஸ்துமஸ் காலம். படம் அப்படித் தொடங்குவதில்லை. முதலில் வைனன்ட்டை அவருடைய பட்டறையில் உயிரோடு காட்டுகிறது. மகளிடம் பேசுகிறார், செயலாளரோடு தகராறு செய்கிறார். நிக் அதற்குப் பிறகுதான் வருகிறார். இது சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் நாவலில் வைனன்ட் வெறும் பெயர்தான், வாசகர் அவரைச் சந்திப்பதே இல்லை. படம் பார்ப்பவருக்கு முகம் தெரியாத ஆளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் அக்கறை வராது. திரைக்கதை ஆசிரியர்கள் அதைச் சரியாகக் கணித்தார்கள்.

கிறிஸ்துமஸ் பார்ட்டிக் காட்சியைக் கவனமாகப் பாருங்கள். ஹோட்டல் அறை நிறைய நிக்கின் பழைய நண்பர்கள்: குத்துச்சண்டைக்காரர்கள், அவர் ஒருகாலத்தில் ஜெயிலுக்கு அனுப்பியவர்கள், பத்திரிகைக்காரர்கள். ஒருவர் அம்மாவோடு போனில் பேச வேண்டும் என்று அழுகிறார். இந்தக் கூச்சலுக்கு நடுவே வைனன்ட் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து தங்கள் தரப்பைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நாவலில் பல அத்தியாயங்களில் பரவிக்கிடக்கும் தகவல் இங்கே ஒரே அறையில் வந்து சேர்கிறது. நோரா தட்டை ஏந்திக்கொண்டு நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நாலு சந்தேக நபர்களின் வாக்குமூலம் முடிந்துவிட்டது.

நாய் ஆஸ்டாவும் அப்படித்தான். நாவலில் அது ஷ்னாசர் இனப் பெண் நாய், பெரிய வேலை எதுவும் இல்லை. படத்தில் ஃபாக்ஸ் டெரியர் ஆக்கினார்கள், ஸ்கிப்பி என்ற பயிற்சி பெற்ற நாய் நடித்தது. ஆபத்து வந்தால் முதலில் ஒளிந்துகொள்வது அதுதான் என்று படம் நம்மைச் சிரிக்க வைத்துப் பழக்குகிறது. பிறகு பட்டறைக் காட்சியில் கதையைத் திருப்புவதும் அதன் மூக்குதான். முதலில் சிரிப்புக்கு வைத்ததைப் பின்னால் சாட்சியாக்குவது, இந்த வகைத் திரைக்கதையின் அடிப்படைப் பாடம்.

மாற்றங்களில் மிகப் பெரியது க்ளைமாக்ஸ். நாவலின் கடைசியில் நிக் எல்லாவற்றையும் நோராவிடம் விளக்குகிறார்: இப்படி நடந்திருக்கலாம், அநேகமாக அப்படித்தான் இருக்கும். நோரா அவரை விடுவதில்லை, இதெல்லாம் அவ்வளவு திருப்தியாக இல்லையே என்று அவள் சொல்வதோடு புத்தகமே முடிகிறது. பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஹாமெட். உண்மையான வழக்கு அப்படித்தான் அரைகுறையாக முடியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் வாங்கியவரை அப்படி அனுப்ப முடியாதே. எனவே நாவலில் இல்லாத ஒரு விருந்தை வைத்தார்கள். எல்லாச் சந்தேக நபர்களும் ஒரே மேஜையில், போலீஸ்காரர்கள் பரிமாறுபவர் வேடத்தில். கொலையாளி இந்த மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அறிவித்துவிட்டு, அதே மூச்சில் மீனைப் பரிமாறச் சொல்கிறார் நிக்.

அந்த மீன் வீண் அலங்காரம் இல்லை. விளக்கவுரை என்பது துப்பறியும் படத்தின் மிகக் கனமான பகுதி. அதை ஒரே மூச்சில் சொன்னால் பார்ப்பவரால் ஏற்றுக்கொள்ள முடியாது. தட்டு வருகிறது, ஒருவர் சாப்பிட மறுக்கிறார், சீருடை பொருந்தாத ஒரு ‘பரிமாறுபவர்’ யாரோ ஒருவரைத் தோளில் அழுத்தி உட்கார வைக்கிறார். ஒவ்வொரு குறுக்கீடும் முந்தைய தகவலைச் செரிக்க நேரம் தருகிறது. அதோடு ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகக் காட்டவும் காரணம் கிடைக்கிறது. சந்தேக நபர்களைக் கூட்டி வைத்து விளக்கும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

படம் எதை இழந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாவலின் வைனன்ட் குடும்பம் உண்மையிலேயே நோய்பட்ட குடும்பம். தாய் மிமி வளர்ந்த மகளை அடிக்கிறாள். மகன் கில்பர்ட் நரமாமிசம் பற்றிக் கேட்க, நிக் ஒரு பழைய வழக்கைப் பற்றிய புத்தகத்தைக் கொடுக்கிறார், அந்த வரலாறு பக்கம் பக்கமாக நாவலில் வருகிறது. படத்தில் மகள் டாரதிக்கு ஒரு நல்ல வருங்கால மாப்பிள்ளையைப் புதிதாகச் சேர்த்து, அவளை இனிமையான பெண்ணாக்கிவிட்டார்கள். குடியும் அப்படியே. நாவலில் அது ஒரு மனிதன் எதிலிருந்தோ தப்பித்துக்கொண்டிருப்பதாகப் படும், படத்தில் கொண்டாட்டம். இந்தக் கதைக்குப் படம் முதலில், நாவல் பிறகு. கொலையாளி தெரிந்த பின்னும் நாவல் கசப்பாகவும் புதிதாகவும் இருக்கும். மறுதலையாகப் போனால் படம் கொஞ்சம் இலேசாகப்படும்.

ஒரு உபரித் தகவல். நிக்காக நடித்த வில்லியம் பவல் அதற்கு முன்பே ஃபைலோ வான்ஸ் என்ற துப்பறிவாளராக நாலு படம் நடித்திருந்தார். ‘தி தின் மேன்’ முன்னோட்டத்தில் அவரே வான்ஸாகவும் நிக்காகவும் தோன்றுவார், புத்தக அட்டையில் இருந்து நிக் வெளியே வந்து வான்ஸிடம் பேசுவார். அந்த வான்ஸ் படங்களில் ‘தி கென்னல் மர்டர் கேஸ்’ (1933) பார்க்கத் தகுந்தது. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கியது, பூட்டிய அறைக்குள் கொலை. அதில் காமெடி என்பது சாப்பாட்டை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறதே என்று புலம்பும் பிரேதப் பரிசோதனை மருத்துவர் ஒருவர் மட்டும்தான். சோதனையை அதில் போட்டுப் பாருங்கள்: அவரை வெட்டினாலும் புதிர் அப்படியே நிற்கும். அதனால்தான் அது நல்ல புதிர்ப் படம், நல்ல காமெடி மர்மப் படம் அல்ல.

‘கிரீன் ஃபார் டேஞ்சர்’ என் கணக்கில் இவற்றில் சிறந்தது. தமிழில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கிறிஸ்டியானா பிராண்ட் 1944இல் எழுதிய நாவல். அவருடைய கணவர் அறுவைச் சிகிச்சை நிபுணர், ஆபரேஷன் தியேட்டர் விவரங்கள் அவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. போர்க்காலம், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஓர் அவசர மருத்துவமனை. தபால்காரர் ஹிக்கின்ஸ் காயத்தோடு வருகிறார், சாதாரண அறுவை, ஆனால் மயக்க மருந்து கொடுத்ததும் மேஜையிலேயே இறந்துவிடுகிறார்.

நாவலின் தொடக்கம் ஓர் அழகான ஏற்பாடு. ஹிக்கின்ஸ் ஏழு கடிதங்களைக் கொண்டுபோகிறார். அந்த மருத்துவமனையில் வேலைக்குச் சேரச் சம்மதித்து ஏழு பேர் எழுதியவை. அவர்களில் ஒருவர் பின்னால் அவரையே கொல்லப்போகிறார். இதைப் படத்தில் அப்படியே காட்ட முடியாது: கையெழுத்தைக் காட்டினால் முகம் பதியாது. இயக்குநர் சிட்னி கில்லியட் ஏழை ஆறாகக் குறைத்தார், ஒரு மருத்துவரைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டார். பிறகு ஆபரேஷன் தியேட்டரில், முகத்தை மறைத்த உறைக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய, ஒவ்வொருவரையும் ஒரு குரல் அறிமுகம் செய்கிறது. சந்தேகப் பட்டியலை இவ்வளவு சிக்கனமாகத் திறந்த படம் அபூர்வம்.

அந்தக் குரல் இன்ஸ்பெக்டர் காக்ரிலுடையது, நடித்தவர் அலஸ்டர் சிம். மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கையாகக் கதை சொல்லப்படுகிறது. நேரில் அவர் வருவதற்குள் படத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடிவிடும். அதுவரை படம் கனமானது: தபால்காரரின் சாவு, பிறகு ஒரு நடன விருந்தில் சிஸ்டர் பேட்ஸ் இசையை நிறுத்தி ‘இது கொலை, யார் செய்தது என்று எனக்குத் தெரியும்’ என்று அறிவித்துவிட்டு இருட்டில் தனியாக நடந்து போவது. அந்த நடை எந்தத் திகில் படத்துக்கும் குறைந்ததல்ல. முதலில் பயம், பிறகு காமெடி என்ற இந்த வரிசை முக்கியம். சிம் முதல் காட்சியிலேயே வந்திருந்தால் யாருடைய சாவும் நமக்கு உறைத்திருக்காது.

வந்த பிறகு அவர் செய்வதெல்லாம் தொந்தரவு. இரண்டு மருத்துவர்கள் கைகலப்பில் இறங்கினால் விலக்கிவிடாமல் ரசித்துப் பார்க்கிறார். பறக்கும் குண்டின் சத்தம் கேட்டால் முதலில் பதறி ஒதுங்குபவர் அவர்தான். 1944 கோடையில் ஜெர்மனி ஏவிய அந்த வி-1 குண்டுகளின் எஞ்சின் ஓடும்வரை ஆபத்தில்லை, சத்தம் நின்றால்தான் விழப்போகிறது என்று அர்த்தம். நாவல் அதற்கு முந்தைய விமானத் தாக்குதல் காலத்தில் நடப்பது, படம் வேண்டுமென்றே இந்தக் குண்டுக்கு மாற்றிக்கொண்டது. பேச்சு நடுவில் எஞ்சின் நிற்கிறது, எல்லோரும் உறைகிறார்கள், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று கேமரா குறித்துக்கொள்கிறது. சிரிப்பு, பயம், துப்பு மூன்றும் ஒரே கணத்தில்.

படுக்கையில் காக்ரில் ஒரு துப்பறியும் நாவல் படிக்கும் இடமும் உண்டு. கொலையாளி யாரென்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதியோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார், முகம் தொங்கிவிடும். வெறும் வேடிக்கை என்று தோன்றும். இவர் தவறக்கூடியவர் என்று படம் நமக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறது. முடிவில் அதே அறுவைச் சிகிச்சையை மறுபடி நடத்திக்காட்டிப் பொறி வைக்கும்போது அந்தச் சந்தேகம் நமக்கு வேலை செய்யும். அறிக்கை எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

இந்தக் கதையில் நிறம் ஒரு துப்பு, தலைப்பே அதைச் சொல்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையைக் காட்ட முடியாது. வசனத்தில் அடிக்கடி சொன்னால் குட்டு உடைந்துவிடும். காக்ரில் எதுவும் தெரியாதவர் போல மயக்க மருந்துக் கருவியைப் பற்றி விளக்கம் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். எந்த வாயு எங்கிருந்து வருகிறது என்ற பாடம் முழுவதும் அவருடைய கிண்டலுக்கு இடையில் நடந்துவிடும். சிம்மின் முகத்தைப் பார்த்தவர்கள் சிலிண்டரைப் பார்த்திருக்க மாட்டார்கள். புதிரை நேர்மையாக விடுவிக்க ஆசைப்படுபவர்கள் இந்த ஒன்றுக்கு நாவலை முதலில் படிக்கலாம், அங்கே நிறம் எழுத்தில் இருக்கிறது. மற்றவர்கள் படத்துக்கே போகலாம்.

‘மர்டர் ஷி செட்’ அகதா கிறிஸ்டியின் ‘4.50 ஃப்ரம் பாடிங்டன்’ (1957) நாவலில் இருந்து வந்தது. ஜார்ஜ் பொல்லாக் இயக்கம், கிறிஸ்டியின் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிளாக மார்கரெட் ரூதர்ஃபோர்ட். நாவலின் மார்ப்பிள் மெலிந்த, மென்மையான, பின்னல் வேலை செய்யும் கிழவி. ரூதர்ஃபோர்ட் கனத்த உருவம், மேலங்கி, தாடை முன்னால் வர நடப்பவர். கிறிஸ்டி ரசிகர்களில் பாதிப் பேருக்கு இன்றும் இது ஒத்துவராது. கிறிஸ்டிக்கே இந்தப் படங்கள் பிடிக்கவில்லை, ஆனால் நடிகையை மதித்தார். 1962இல் வந்த ஒரு மார்ப்பிள் நாவலை ரூதர்ஃபோர்டுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

திரைக்கதையின் கத்தி எங்கே விழுந்தது என்பதுதான் இங்கே பாடம். நாவலில் மூன்று பெண்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடும் ரயிலில் ஒரு பெண்ணின் கழுத்து நெரிக்கப்படுவதைப் பார்ப்பவர் மார்ப்பிளின் தோழி மிஸஸ் மெக்கில்லிகடி. உடலைத் தேடி அந்தப் பெரிய வீட்டுக்குள் வேலைக்காரியாகப் போவது லூசி, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, நல்ல வீட்டு வேலை ஆளுக்கு இருக்கும் தட்டுப்பாட்டைப் பார்த்து அந்தத் தொழிலுக்கு வந்தவள். மார்ப்பிள் வீட்டிலிருந்து யோசிக்கிறார். படம் மூன்றையும் ரூதர்ஃபோர்டின் ஒரே ஆளாக்கிவிட்டது. அவரே பார்க்கிறார், தண்டவாளத் தொழிலாளி வேடத்தில் அவரே தேடுகிறார், அவரே வேலைக்குப் போகிறார்.

இதனால் கிடைத்தது பெரிய காமெடி. போலீஸ் நம்பாத கிழவி, முன்கோபக்கார வீட்டுக்காரர் ஆக்கன்தோர்ப், அவரோடு நாள்தோறும் மல்லுக்கட்டு. ஜேம்ஸ் ராபர்ட்சன் ஜஸ்டிஸ் அந்த வேடத்தில் உறுமுவதும் ரூதர்ஃபோர்ட் அசையாமல் நிற்பதும் படத்தின் உயிர். போனது நாவலின் கடைசிப் பொறி. பார்த்த சாட்சி ஒருவர், திட்டம் போடுபவர் வேறொருவர் என்று இருந்தால் மட்டுமே அந்தப் பொறி வேலை செய்யும். இரண்டும் ஒரே ஆள் என்றானதும் அதை வைக்க முடியாது. படம் அவரையே தூண்டிலாக்கிச் சமாளிக்கிறது. பரவாயில்லை என்று சொல்லலாம், நாவலின் நேர்த்தி இல்லை. பாத்திரங்களை ஒன்றாக்கும்போது எங்கே இடிக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. நாவல், படம் எதை முதலில் எடுத்தாலும் நட்டமில்லை.

இன்னொரு வேடிக்கை: இதில் வீட்டு வேலைக்கு வரும் மிஸஸ் கிடராக நடிப்பவர் ஜோன் ஹிக்சன். 1984 முதல் பிபிசி தொடரில் மிஸ் மார்ப்பிளாக நடித்து, நாவலுக்கு மிக நெருக்கமானவர் என்று பெயர் வாங்கியவர் அவரே.

இதற்குப் பின் மூன்று படங்கள் வந்தன. ‘மர்டர் அட் தி கேலப்’ (1963), ‘மர்டர் மோஸ்ட் ஃபௌல்’ (1964) இரண்டும் உண்மையில் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர் பாய்ரோ வரும் நாவல்கள், துப்பறிவாளரை மட்டும் மாற்றிவிட்டார்கள். முதலாவது இன்னும் தாங்கும், உயில் வாசிக்கும் அறையில் ஒரு பெண் வாய்தவறிக் கேட்டுவிடும் கேள்வி என்ற நாவலின் அச்சாணி அப்படியே இருக்கிறது. ‘மர்டர் அஹாய்’ (1964) எந்த நாவலிலும் இல்லாத கதை, அதில் மார்ப்பிள் கப்பலில் வாள்சண்டை போடுகிறார். சோதனையை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், படத்துக்குப் படம் சிரிப்பு எப்படிப் புதிரை விட்டுக் கழன்று தனியாக ஓடுகிறது என்பது தெரியும். இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முழுசாகக் கழன்றால் என்ன ஆகும் என்பதற்கு ‘தி ஆல்ஃபபெட் மர்டர்ஸ்’ (1965). கிறிஸ்டியின் ‘தி ஏபிசி மர்டர்ஸ்’ நாவலில் ஊர்ப் பெயரும் இறப்பவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும்: ஆண்டோவர், பெக்ஸ்ஹில், சர்ஸ்டன் என்று. உடல் பக்கத்தில் ஒரு ரயில் அட்டவணைப் புத்தகம். ஊர் ஊராகப் பயம் நகர்வதுதான் அந்தக் கதையின் எந்திரம். படம் அதை லண்டனுக்குள் அடைத்துவிட்டு, டோனி ராண்டால் நடித்த பாய்ரோவை வழுக்கி விழும் கோமாளியாக்கியது. துப்பறிவாளர் வேடிக்கையானவராக இருக்கலாம், மட்டமானவராக இருந்தால் அவர் சொல்லும் விடையை யாரும் மதிக்க மாட்டார்கள். ரூதர்ஃபோர்ட் ஒரு நொடி தலைகாட்டுவார், அதற்காக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு.

‘அண்ட் தென் தேர் வேர் நன்’ பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் ஹாலிவுட்டில் எடுத்தது. 1939இல் வந்த கிறிஸ்டி நாவல், தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேர். நாவலின் விளக்கம் எழுதிவைத்த வாக்குமூலமாகக் கிடைக்கிறது. மேடையில் அதைச் சொல்ல யாருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள், அதனால் 1943இல் கிறிஸ்டியே நாடகமாக்கும்போது முடிவை மாற்றினார். படம் அந்த நாடக முடிவைத்தான் எடுத்துக்கொண்டது. ஆகவே கண்டிப்பாக நாவல் முதலில், இதில் பேரமே கிடையாது. கிளேரின் திறமை பேச்சில்லாத இடங்களில். தொடக்கத்தில் படகில் பேசாமல் தள்ளாடும் விருந்தினர்கள், பிறகு ஒருவர் சாவித்துவாரம் வழியாக இன்னொருவரை வேவு பார்க்க, அவரை வேறொருவர் வேவு பார்க்க என்று நீளும் சங்கிலி. ஒருவரையும் நம்ப முடியாது என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார். இந்தக் கதையின் சாயலை எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ படத்திலும், இந்தியில் ‘கும்நாம்’ (1965) படத்திலும் பார்க்கலாம். இரண்டும் சிரிப்புக்காக எடுத்தவை அல்ல.

‘ஈவில் அண்டர் தி சன்’ நாவலில் டெவன் கடற்கரை, படத்தில் வெயிலுக்காக மயோர்கா தீவில் எடுத்தார்கள். பீட்டர் உஸ்தினாவ் நீச்சல் உடையில் கடலில் இறங்கி நீந்துவதாகப் பாவனை செய்வதே டிக்கெட் காசுக்குச் சமம். ஆனால் நேரக்கணக்கைப் பாருங்கள். யார் எங்கே எப்போது இருந்தார் என்பதுதான் இந்தப் புதிர் முழுக்க, பக்கத்தில் எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் வசதி பார்வையாளருக்குக் கிடையாது. அதற்காகப் படம் நண்பகல் பீரங்கி ஒன்றைச் சேர்த்தது. அது வெடிக்கும்போதெல்லாம் மணி பன்னிரண்டு என்று காதே குறித்துக்கொள்ளும். இதே உஸ்தினாவ் முதலில் பாய்ரோ ஆன ‘டெத் ஆன் தி நைல்’ (1978) படத்தில் நம் ஐ. எஸ். ஜோஹர் கப்பல் மேலாளராக வருவார்.

பார்ப்பதற்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ அமெரிக்காவில் காப்புரிமை போன படம், அதனால் மங்கிய, ஒலி கரகரக்கும், நறுக்கிய பிரதிகள் ஏராளம். நீளத்தைப் பார்த்து எடுங்கள், 97 நிமிடத்துக்கு மிகவும் குறைவாக இருந்தால் ஏதோ போய்விட்டது. மற்றவற்றுக்கு ‘தி தின் மேன்’, ‘கிரீன் ஃபார் டேஞ்சர்’ இரண்டும் ஏறத்தாழ 91, ‘மர்டர் ஷி செட்’ 87. ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ‘தி தின் மேன்’ படத்தில் பவலும் நோராவாக நடித்த மிர்னா லாயும் ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிக்கும் வேகத்தில் பேசுவார்கள், சிரித்து முடிப்பதற்குள் ஒரு பெயரோ நேரமோ போய்விடும். படத்தின் விக்கிப் பக்கத்தையும் நடிகர் பட்டியலையும் முன்னதாகத் திறக்காதீர்கள், கதைச் சுருக்கம் முதல் பத்தியிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது சிரிப்பு வரும் காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வேடிக்கை செய்பவரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரைப் பாருங்கள். எந்தப் பொருள் கைமாறியது, யார் அறையை விட்டுப் போனார், எந்த நேரம் சொல்லப்பட்டது என்று மூன்றை மட்டும் குறித்தால் போதும். ‘கிரீன் ஃபார் டேஞ்சர்’ படத்துக்கு அந்தத் தாள் நிறைந்துவிடும். ‘தி ஆல்ஃபபெட் மர்டர்ஸ்’ படத்துக்கு வெறுமையாகவே இருக்கும்.

நான்கையும் முடித்துவிட்டு இன்னும் பசி இருந்தால் ‘தி பெங்குயின் பூல் மர்டர்’ (1932) தேடுங்கள். ஸ்டூவர்ட் பாமரின் 1931 நாவல், நியூயார்க் மீன் காட்சியகத்தில் பெங்குயின் தொட்டிக்குள் ஒரு பிணம். மாணவர்களைக் கூட்டிவந்த பள்ளி ஆசிரியை ஹில்டகார்ட் விதர்ஸ், இன்ஸ்பெக்டர் பைப்பருக்கும் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார். எட்னா மே ஆலிவர் இந்த வேடத்தில் மூன்று படம் நடித்தார், அவர் விலகிய பின் வேறு நடிகைகளை வைத்து எடுத்த மூன்றையும் தேடி அலைய வேண்டாம்.